கடலட்டைக்குப் போகிறவர்களின் கை

கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிறவர்களின் காதைப் பற்றியும் முதுகைப் பற்றியும் ஆட்கள் கதைப்பார்கள். கையைப் பற்றிக் கதைப்பது குறைவு. சோற்றில் புளிக்குழம்பை விட்டுப் பிசையும்போது சுள்ளென்று எரிந்தால்தான் கை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.

நான் முல்லைத்தீவில் அலம்பில் பக்கத்து ஆள். இளவயதில் சிலிண்டர் கட்டத் தொடங்கியவன், இப்போது பெரும்பாலும் படகிலும், கரையில் பிடித்ததைப் பதப்படுத்துகிற வாடியிலும்தான் நிற்கிறேன். "அண்ணை, இது என்னெண்டு ஒருக்கால் பாருங்கோ" என்று கையை நீட்டிக்கொண்டு பெடியங்கள் வருவது என்னிடம். நான் டொக்டர் இல்லை. எது எண்ணெய் பூசி ஆறுகிற விசயம், எது அன்றைக்கே மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டிய விசயம் என்று பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குளிர். எங்கள் கடலில் என்ன குளிர் என்று கேட்பீர்கள். என் பெரியம்மாவின் மகன் நோர்வேயின் வடக்கே இருக்கிறான். போன புதிதில் மீன் தொழிற்சாலையில் வெட்டு வேலை, அப்புறம் அங்கேயே சுழியோடவும் பழகிவிட்டான். மாரியில் அந்தக் கடல் நாலைந்து பாகை செல்சியஸ்தான். உடம்பில் தண்ணீர் படாத முழு உடுப்பு, அதோடு பூட்டுகிற கையுறை, அதற்குள்ளே கம்பளிக் கையுறை என்று போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். அப்படியிருந்தும் ஏறி வந்து சில மணி நேரத்தில் விரல் நுனிகள் சிவந்து வீங்கி, அரிப்பும் எரிவுமாகத் தொடங்கும் என்று சொல்வான். தோல் உறைந்து போவதில்லை. குளிரில் சுருங்கிய சின்ன இரத்தக் குழாய்கள் திடீர்ச் சூட்டில் விரியும்போது வருகிற வில்லங்கம் அது. அதனால் அங்கே கையைத் தேய்க்கவும் மாட்டார்கள், அடுப்பில் காட்டவும் மாட்டார்கள். உடம்பு முழுவதையும் மூடிச் சூடாக்கி, கை தன்பாட்டில் மெல்லத் திரும்பட்டும் என்று விடுவார்கள். சிலருக்கு விரல் பால் வெள்ளையாகி, பிறகு நீலமாகி, பிறகு சிவக்கும். அது வேறு கதை. ரேனோ என்று சொல்வார்கள். குளிர் பட்டால் சிலரின் குழாய்கள் அளவுக்கு மிஞ்சிச் சுருங்கும். சிகரெட் அதை இன்னும் மோசமாக்கும்.

அந்தக் குளிர் வன்னியில் இல்லை. ஆனால் தண்ணீர் 28 பாகை என்றாலும் அது உடம்புச் சூட்டைவிடக் குறைவுதானே. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகத்தில் உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். காலை தொடங்கி மத்தியானம் வரை இறங்கி ஏறினால், நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக உடம்பு கை கால்களுக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்துவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் முல்லைத்தீவுக் கடல் பெருத்துவிட, எங்கள் ஆட்கள் நாச்சிக்குடா, வலைப்பாடு, மன்னார் என்று மேற்குக் கரைக்குப் போவார்கள். அங்கே இரண்டு இறக்கத்துக்கு நடுவில் ஈர உடம்போடு, ஓடுகிற படகில், அந்தக் காற்றில் இருப்பதுதான் உண்மையான குளிர். உதடு நீலம் பாய்ந்து, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் விரல் நடுங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விறைத்த விரலுக்கு வெட்டுத் தெரியாது. கல்லில் கிழிந்ததையும் முள் ஏறியதையும் கரைக்கு வந்து இரத்தத்தைக் கண்டுதான் அறிவார்கள். அதனால் படகில் ஒரு காய்ந்த சேட்டும், தலையை மூட ஒரு துவாயும் கட்டாயம். கையைச் சூடாக்க வேண்டும் என்றால் முதலில் தலையையும் நெஞ்சையும் மூடு என்பது நோர்வேக்காரன் சொல்லித் தந்தது. அது இங்கேயும் சரிவருகிறது.

இனி ஊறிய தோல். தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் இருந்தால் விரல் நுனி சுருங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோல் தண்ணியைக் குடித்து உப்புவதால்தான் அப்படி என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நரம்பு கட்டளை கொடுத்து, விரல் நுனியின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே சதை குறைய, மேல்தோல் மடிகிறது. இதை நான் விளங்கிக்கொண்டது எங்களோடு வருகிற ஒருவரின் கையைப் பார்த்து. 2009 யுத்தத்தில் ஷெல் துண்டு முழங்கைக்குப் பக்கத்தில் பாய்ந்து நரம்பை அறுத்தது அவருக்கு. எல்லாரும் ஏறி வந்து கையை விரித்தால் பத்து விரலும் சுருங்கியிருக்கும். அவருடைய இடது கையில் சுண்டுவிரல் வழுவழுவென்று இருக்கும். மோதிர விரலில் சுண்டுவிரல் பக்கத்துப் பாதி வழவழப்பு, மற்றப் பாதி சுருக்கம். நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி. நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க டொக்டர்மாரும் விரலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பது உண்டாம். வன்னியில் இப்படி உணர்வில்லாத விரலோடு தொழில் செய்கிறவர்கள் கனபேர். அவர்களுக்கு நோவு வந்து எச்சரிக்காது. அதனால் ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் மற்றவர் ஒருவர் அந்தக் கையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். எங்கள் படகில் அது இப்போது சிலிண்டர் காற்றுப் பார்க்கிற மாதிரி ஒரு வழக்கம்.

ஊறின தோல் ஓட்டை விழுந்த ஓலைக் கூரைதான். மழை பெய்யும்வரை ஒன்றும் தெரியாது. உப்பு, மணல், அட்டையின் பால், எஞ்சின் எண்ணெய், மீன் செதிலில் இருக்கிற கிருமி எல்லாம் அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்கும். ஆகவே பூசுகிற மருந்தைவிட, கை காய்ந்து கிடக்கிற நேரம்தான் பெரிது என்பது என் எண்ணம். கரைக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கப் பறக்கமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூச வேண்டும். இதைச் சொல்வது சுகம். கோடையில் கரையோரக் கிணறெல்லாம் உவர்த்து, குடிக்கிற தண்ணியே பவுசரில் வருகிற இடத்தில், கை கழுவ நல்ல தண்ணி கேட்டால் படகு வைத்திருக்கிற சம்மாட்டி முறைப்பார். ஐந்து லீற்றர்க் கான் ஒன்று நாலு பேருக்குக் காணும். அதைக் கேட்டு வாங்குங்கள். இறங்குவதற்கு முன் எண்ணெய் பூசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பிடி வழுக்கும்.

எஞ்சின் கிறீஸை பெற்றோலில் கழுவுகிற பழக்கத்தை விட்டாலே பாதிப் பேரின் கை வெடிப்பு ஆறிவிடும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் தோலில் இருக்கிற எண்ணெயையும் சேர்த்து உருவிவிடும். முதலில் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து கிறீஸை இளக்கி, பழந்துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டால் போகும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் வேண்டாம்.

கையுறை நல்லதுதான். ஆனால் கையுறையாலேயே கை கெட்டவர்களும் உண்டு. கட்டிட வேலைக்கு விற்கிற ரப்பர் பூசிய நூல் கையுறையைத்தான் பலர் போடுகிறார்கள். மணல் உள்ளே போய் அரைக்கும், நாள் முழுக்க ஈரம் அடைந்து கிடக்கும், பின்னேரம் படகு மூலையில் எறிந்துவிட்டு அடுத்த நாள் அதே நாற்றத்தோடு திரும்பப் போடுவார்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட வேண்டும். இரண்டு சோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். சுழியோடிகளுக்கென்றே வருகிற தடித்த நியோபிரீன் கையுறை வாங்கியவர்களில் சிலருக்கு வேறு பிரச்சினை. மணிக்கட்டில் கையுறை முடிகிற இடம்வரை சிவந்து, நுண்ணிய கொப்புளம் போட்டு அரிக்கும். கோடு அவ்வளவு நேராக இருந்தால் அது கடலால் வந்தது அல்ல, அந்த ரப்பரில் சேர்க்கிற இரசாயனம் அவருடைய தோலுக்கு ஒத்துவரவில்லை. களிம்பு பூசிக்கொண்டு அதையே போட்டால் மாறாது. வேறு வகைக் கையுறைக்கு மாற வேண்டியதுதான்.

மோதிரம், கைக்கயிறு இரண்டையும் பற்றி ஒரு சொல். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்க் கட்டின நூலை வருடம் முழுக்கக் கழற்றாதவர்கள் இருக்கிறார்கள். அது காயவே காயாது. அதற்குக் கீழே வட்டமாகத் தோல் வெளுத்து அரிக்கும். கடலுக்குப் போகும்போது கழற்றிச் சாமிப்படத்தடியில் வைத்தால் அம்மன் கோவிக்கமாட்டா. மோதிரமும் அப்படித்தான், விரல் வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும்.

அட்டையே தருகிற கரைச்சலும் உண்டு. நூலட்டையைத் தொட்டால் பின்பக்கத்தால் வெள்ளை நூலைக் கக்கும். கையில் ஒட்டினால் இலேசில் போகாது. நாங்கள் எண்ணெய் பூசி உருட்டி எடுப்போம். பிய்த்து இழுத்தால் மயிரோடு வரும். அட்டைகளின் உடம்பில் சவர்க்காரம் போல நுரைக்கிற ஒரு நஞ்சு இருக்கிறது, ஹோலோதுரின் என்று பெயர். முழுத் தோலுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. வெடிப்பிலும் வெட்டிலும் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. அட்டை பிடித்த கையால் முகக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதுதான் வழமையாக நடக்கிற பிழை. கண்ணில் பட்டால் நிறைய நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் டொக்டரிடம் போக வேண்டும்.

இதில் சுழியோடிகளைவிட மோசமான கை வாடியில் அட்டை பதப்படுத்துகிற பெண்களுடையது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அட்டையைக் கீறிக் குடலை எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, மேல்தோல் அழுகி இளகியதும் எடுத்துத் தேய்த்துக் கழுவி, திரும்ப அவித்துக் காயப்போட வேண்டும். தேய்க்கிறபோது வருகிற வெள்ளைப் பொடி சுண்ணாம்புத் துணிக்கைகள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, ஆனால் கூரானது. சுடுதண்ணி, உப்பு, அட்டையின் நஞ்சு, இந்தப் பொடி நாலும் சேர்ந்து விரல் நுனிக் கோடுகளைக்கூட அழித்துவிடுகிறது. ஒரு அக்கா அடையாள அட்டைக்குக் கைரேகை கொடுக்கப் போய், மெசின் எடுக்கவில்லை என்று திரும்பி வந்தார். சில நாள் வேலையை நிறுத்தி, இரவில் வாசலின் பூசிப் பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிப் படுத்த பிறகுதான் கோடுகள் கொஞ்சம் திரும்பின. முழங்கைவரை வருகிற தடித்த ரப்பர்க் கையுறையும், உள்ளே ஒரு மெல்லிய பருத்திக் கையுறையும் வாங்கிக் கொடுப்பது வாடி வைத்திருப்பவரின் செலவாக இருக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன், மற்றவர்களும் செய்தால் என்ன குறைந்துவிடும்?

விரல் இடுக்கில், அதிகமாக நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில், தோல் வெள்ளையாக நனைந்து உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். நகத்தைச் சுற்றி வீங்கி நோவதும் ஈர வேலையால் வருவதுதான், நகச்சுற்று என்போமே அது. குளோற்றிமசோல் போன்ற களிம்பும், காய்ந்த கையும் சேர்ந்தால் பெரும்பாலும் ஆறும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாமசியில் "அரிப்புக்கு ஒண்டு தாங்கோ" என்று கேட்டால் சில இடங்களில் ஸ்டீரொயிட் கலந்த களிம்பைத் தருவார்கள். இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும், சந்தோசமாக இருக்கும். உள்ளே பூஞ்சணம் பரவிக்கொண்டிருக்கும். விட்டவுடன் இரண்டு மடங்காகத் திரும்பும். களிம்பின் பெயரில் பீட்டாமெத்தசோன் என்று கண்டால், டொக்டர் எழுதித் தராமல் பூச வேண்டாம்.

ஆறாத கட்டி ஒன்று உண்டு. அட்டைக்காரரும் மீன்காரரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விரலிலோ புறங்கையிலோ எப்போதோ பட்ட சிறு கீறல் ஆறி, இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு அதே இடத்தில் செந்நீலமாக ஒரு சிறு கட்டி எழும்பும். பெரிதாக நோகாது. வழமையாகத் தருகிற அன்டிபயோட்டிக்குக் கேட்காது. சிலருக்குக் கை வழியே மேல்நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிகள் வரும். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி இப்படிச் செய்யும். காசநோய்க் கிருமியின் சொந்தக்காரன், ஆனால் குளிர்ந்த இடத்தில்தான் நன்றாக வளர்வான். அதனால் நெஞ்சுக்குள் போகாமல் கையிலேயே குந்திக்கொள்வான். மாதக் கணக்கில் அதற்கென்ற மருந்து எடுக்க வேண்டும். எங்கள் பெடியன் ஒருவன் ஓபிடியில் "கட்டி" என்று மட்டும் சொல்லி, ஒரே குளிசையைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தான். "நான் கடலுக்குள்ளே கை வெட்டுப்பட்டவன், கடலட்டை பிடிக்கிறனான்" என்று சொன்ன பிறகுதான் தோல் கிளினிக்குக்கு எழுதி, சதைத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். தொழிலைச் சொல்லுங்கள். டொக்டருக்கு அதுதான் பாதித் துப்பு.

மீன் முள் குத்தி இரண்டு நாளிலிருந்து ஒரு கிழமைக்குள், விரல் ஊதா கலந்த சிவப்பாகி, ஓரம் தெளிவாகத் தெரிய மெல்ல மெல்லப் பரவி, சின்னதாய் இருக்கிற அளவுக்கு மிஞ்சி நோகுமானால் அது வேறொன்று. பெனிசிலினுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் பார்த்து எழுதித் தர ஆள் வேண்டும்.

இவை எல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் பொறுக்கும். பொறுக்காதது ஒன்று. கடல் தண்ணீரில் பட்ட வெட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கிக்கொண்டே போய், தோல் கறுத்து, இரத்தம் நிறைந்த கொப்புளம் போட்டு, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் விடியும்வரை பார்க்கக்கூடாது. விப்ரியோ என்ற கடல் கிருமி அப்படி ஓடும். நீரிழிவுக்காரருக்கும், ஈரல் கெட்டவர்களுக்கும் அது உயிரையே எடுக்கும். கரையில் சாராயம் எவ்வளவு ஓடுகிறது என்பது தெரிந்த கதைதானே. காயம் ஆறாமல் கடலுக்குள் இறங்கவே கூடாதவர்கள் அவர்கள்தான். ஏற்பூசி, அதாவது ரெற்றனஸ் ஊசி, கடைசியாக எப்போது போட்டது என்று ஞாபகம் இல்லாவிட்டால், எந்த ஆழமான வெட்டுக்கும் அதைப் போய்க் கேளுங்கள்.

திருக்கை முள், கெளிறு முள், கறுப்பு நீள முள் உள்ள கடல் முள்ளெலி குத்தினால் சுடுதண்ணீர் நல்ல வைத்தியம். அந்த நஞ்சுகள் சூட்டில் கெடும். 45 பாகை அளவில், தாங்கக்கூடிய சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை கையை அமிழ்த்தி வைக்கலாம். படகில் ஒரு பிளாஸ்க் இருந்தால் கரைக்கு வருமுன்பே தொடங்கிவிடலாம். ஆனால் சூட்டைக் குத்துப்பட்டவர் பார்க்கக்கூடாது. விறைத்த கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். குத்துப்படாத இன்னொருவர் தன் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூட்டில் முள் முறிந்து நின்றால் ஊசியால் கிண்டாமல் ஆஸ்பத்திரிக்கு விடுங்கள்.

கடைசியாக, தோல் வருத்தம் போலத் தோன்றி ஆளையே விழுத்துகிற ஒன்று. ஆழத்தில் பல முறை இறங்கி ஏறின பிறகு கை விறைக்கிறது, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றால், குளிர் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். குளிர் விறைப்பு இரண்டு கையிலும் வரும், உடம்பு சூடேற விட்டுப்போகும். ஒரு கையில் மட்டும் நின்றாலோ, தோள், நெஞ்சு, வயிற்றில் அரிப்போடு செந்நீலமாக வலை விழுந்த மாதிரித் தோல் மாறினாலோ, காலில் பலம் குறைந்தாலோ, அது இரத்தத்திலும் சதையிலும் நைதரசன் குமிழி கட்டுவது. சொறிமுட்டை என்கிற ஜெலிமீன் பட்டதென்று எலுமிச்சம்புளி தேய்த்துப் படுக்கவிட்டு, விடியக் கால் இழுபட்டுப் போனவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். திரும்பக் கடலுக்குள் இறக்கினால் குமிழி கரையும் என்று சிலர் இறக்குவார்கள், அதைச் செய்யவே கூடாது. நேராகப் படுக்கவையுங்கள், ஒக்சிசன் இருந்தால் கொடுங்கள், 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். எத்தனை மீற்றர், எத்தனை முறை, கடைசியாக எத்தனை மணிக்கு ஏறினது என்பதை ஒரு துண்டில் எழுதி ஆளோடு அனுப்புங்கள். இதற்கு வைத்தியம் செய்கிற அழுத்த அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. முல்லைத்தீவில் இருந்து அங்கே போய்ச்சேர எடுக்கிற நேரத்தை யோசித்தால், கரையில் காத்திருக்க ஒரு நிமிசமும் இல்லை.